சி.சுப்பிரமணியம்: நாட்டுக்குச் சோறு போட்ட மந்திரியா, டெல்லி பக்கம் சாய்ந்தவரா?

கொங்குநாட்டான்:

எம்.எஸ்.சுவாமிநாதன் 2023இல் மறைந்தபோதும், அடுத்த வருடம் அவருக்குப் பாரத ரத்னா அறிவித்தபோதும் பசுமைப் புரட்சியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். பெருமை அவருக்கு நியாயமானதுதான். ஆனால் நான் படித்த கட்டுரைகளில் பாதிக்கு மேல் சி.எஸ். என்ற சி.சுப்பிரமணியத்தின் பெயரே இல்லை. நம் ஊர்ப் பையன்களிடம் கேட்டால், "எந்த சுப்பிரமணியம்?" என்கிறார்கள்.

பொள்ளாச்சி பக்கம் செங்குட்டைப்பாளையத்தில் 1910இல் பிறந்தவர். கோவையில் வக்கீல். சுதந்திரப் போராட்டத்தில் சிறை, அரசியல் நிர்ணய சபை உறுப்பினர், 1952 முதல் 1962 வரை பத்து வருடம் சென்னை மாகாணத்தில் அமைச்சர். அப்புறம் பொள்ளாச்சியில் ஜெயித்து டெல்லி போய் நேருவிடம் எஃகுத் துறை. 1964 ஜூனில் சாஸ்திரி பிரதமரானதும் உணவு, விவசாயம். அன்றைக்கு அந்தத் துறையை யாரும் ஆசைப்பட்டு வாங்க மாட்டார்கள். அரிசி இல்லை, கோதுமை இல்லை, அமெரிக்கக் கப்பல் வந்தால்தான் ரேஷன்.

மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதை 1966இல் இறங்கியது. சோதனைத் தட்டிலிருந்து வயலுக்கு அதைக் கொண்டு வந்தது ஒரு அரசியல் முடிவு. அந்த முடிவுக்குக் கழுத்தை நீட்டியவர் சி.எஸ். என் கேள்வி ஒன்றுதான்: தமிழ்நாடு டெல்லிக்கு அனுப்பிய அமைச்சர்களில் இவரைவிடப் பெரிய வேலை செய்தவர் யாராவது உண்டா?

காவிரிக்கரை:

முடிவெடுத்தார் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. என்ன முடிவு என்பதில்தான் சண்டை.

பஞ்சாபில் நிலத்தடி நீர் பாதாளத்துக்குப் போனதும், மண் உரத்துக்கு அடிமையானதும் அந்த முடிவின் வால்தான். நாங்கள் தஞ்சாவூர்க்காரர்கள். எங்கள் பக்கம் கோதுமை வரவில்லை, ஏ.டி.டி. 27 என்ற புது நெல் ரகம் வந்தது. அதோடு யூரியாவும் வந்தது, கடனும் வந்தது. இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வார் ஐயா 1969இல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்து வேலையை விட்டுவிட்டு வெளியே வந்தது சும்மா கோபத்தில் இல்லை. இந்தப் பாதை விவசாயியைக் கடனாளி ஆக்கும் என்று அவருக்கு அப்போதே தெரிந்தது.

"சோறு போட்டவர்" என்று சிலை வைக்கிறவர்கள் அந்தச் சோற்றின் விலையையும் அடியில் செதுக்கட்டும்.

பழைய ரேஷன் கார்டு:

தம்பி காவிரிக்கரை, உங்களுக்கு என்ன வயது? நான் 1965, 66இல் சென்னையில் ரேஷன் வரிசையில் நின்றவள். அரிசிக்குப் பதிலாகக் கோதுமை போடுவார்கள். இல்லையென்றால் மைலோ. மைலோ என்றால் இப்போது கடையில் டப்பாவில் விற்கிறார்களே, அது இல்லை. அமெரிக்கச் சிவப்புச் சோளம், அங்கே மாட்டுக்குப் போடுவது. அதைக் களைந்து களைந்து பார்ப்பாள் அம்மா, தண்ணீர் சிவந்துகொண்டே இருக்கும். எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் பல்லில் நறநறவென்று இருக்கும். தாத்தாவுக்குப் பல் கிடையாது, அவருக்கு மட்டும் எங்கிருந்தோ ஒரு பிடி அரிசி வாங்கிக் கஞ்சி வைப்பார்கள். நாங்கள் பிள்ளைகள் அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருப்போம்.

மண் வளம், நிலத்தடி நீர் எல்லாம் சரிதான். வயிறு நிறைந்தவர்கள் பேசவேண்டிய விஷயங்கள்தான் அவை. பேசுங்கள்.

காவிரிக்கரை:

அம்மா, நீங்கள் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் "அன்றைக்குப் பசி" என்ற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு அதற்கப்புறம் அறுபது வருடமாக நடந்த எல்லாவற்றையும் மூடக்கூடாது.

கோப்புப்புழு:

இரண்டு பேரும் விதையிலேயே நிற்கிறீர்கள். சி.எஸ். செய்ததில் விதை பாதிதான். மற்ற பாதி அலுவலகத்தில் நடந்தது. சுவாரசியம் குறைவு என்பதால் யாரும் எழுதுவதில்லை. நான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் பொறுப்பேற்றபோது விவசாய ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமையில் ஐ.சி.எஸ். அதிகாரிகள்தான் உட்கார்ந்திருந்தார்கள். 1965இல் முதல்முறையாக ஒரு விஞ்ஞானியை, பி.பி.பாலை, தலைமைக்குக் கொண்டு வந்தார். அவர் கோதுமை ஆராய்ச்சியாளர். பல துறைகளில் சிதறிக் கிடந்த ஆராய்ச்சி நிலையங்களை அதன் கீழ் சேர்த்தார்.

அடுத்தது விலை. அதுவரை டெல்லியின் கொள்கை, நகரத்து ஆட்களுக்கு மலிவாகத் தானியம் கொடு என்பது. விவசாயிக்கு என்ன கிடைக்கிறது என்று யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. பி.எல்.480 என்ற அமெரிக்க உணவு உதவித் திட்டத்தில் வந்த கோதுமை வேறு சந்தையில் விலையை அமுக்கியது. சி.எஸ். வாதம் எளிமையானது: நல்ல விலை கிடைக்கும் என்று தெரிந்தால்தான் விவசாயி உரத்துக்கும் தண்ணீருக்கும் காசு போடுவான். எல்.கே.ஜா குழு, அதைத் தொடர்ந்து 1965 ஜனவரியில் விவசாய விலைக் கமிஷன், அதற்கு தந்த்வாலா தலைவர். இன்றைக்கு எம்.எஸ்.பி., அதாவது குறைந்தபட்ச ஆதரவு விலை என்று டெல்லி எல்லையில் டிராக்டரோடு உட்கார்ந்து கேட்டார்களே, அதன் வேர் இங்கேதான்.

அதே ஜனவரியில் இந்திய உணவுக் கழகம். அதன் முதல் மாவட்ட அலுவலகம் எங்கே திறந்தார்கள் தெரியுமா காவிரிக்கரை? உங்கள் தஞ்சாவூரில். 1965 ஜனவரி 14, பொங்கல் அன்று.

இதற்கெல்லாம் முதல் எதிரி எதிர்க்கட்சி இல்லை, பக்கத்து நாற்காலி. நிதி அமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி, அவரும் நம்மவர்தான். விலையை ஏற்றினால் பணவீக்கம், உரம் வாங்கினால் அந்நியச் செலாவணி போச்சு என்றார். இடதுசாரிகள் அமெரிக்காவிடம் நாட்டை அடகு வைக்கிறார் என்றார்கள். மாநில முதலமைச்சர்கள் தங்கள் தானியத்தை வெளியே விடமாட்டோம் என்றார்கள். சாஸ்திரி பின்னால் நின்றதால்தான் நடந்தது.

கருப்புச்சட்டை:

"டெல்லி மந்திரி" புராணம் நன்றாக இருக்கிறது. நான் அவர் சென்னை மந்திரியாக இருந்த கணக்கைக் கேட்கிறேன்.

ஒன்று, 1953. ராஜாஜியின் அரைநாள் பள்ளித் திட்டம், நாங்கள் குலக்கல்வி என்று சொல்வது. அந்த மந்திரிசபையில் சி.எஸ். இருந்தாரா இல்லையா? ராஜாஜியின் வலதுகையாக இருந்தாரா இல்லையா? 1954இல் ராஜாஜி போனதும் காமராஜரை எதிர்த்துக் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவிக்கு நின்றது யார்? காமராஜருக்கு 93, இவருக்கு 41. காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்களே ராஜாஜி பாதையை வேண்டாம் என்று தள்ளினார்கள், அந்தப் பாதையின் வேட்பாளர் இவர்.

இரண்டு, 1965. மொழிப் போரில் "ராஜினாமா செய்த வீரர்" என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். சிதம்பரத்தில் மாணவர் ராசேந்திரன் ஜனவரி 27 அன்று சுடப்பட்டார். சி.எஸ்.ஸும் இன்னொரு மத்திய மந்திரி ஓ.வி.அளகேசனும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தது பிப்ரவரி 11. நடுவில் இரண்டு வாரம். தமிழ்நாடு முழுக்கத் தீப்பற்றி எரிந்தபிறகு, வீட்டு வாசலுக்கு வெப்பம் வந்தபிறகு எழுதிய கடிதம் அது. திரும்பவும் வாங்கிக்கொண்டார்கள்.

கொங்குநாட்டான்:

கருப்புச்சட்டை அண்ணா, பாதிக் கதை சொல்லி நிறுத்திவிட்டீர்கள். மீதியையும் சொல்லுங்கள்.

93க்கு 41 என்று தோற்றவரைக் காமராஜர் என்ன செய்தார்? மந்திரிசபைக்குள் கூப்பிட்டு நிதி, கல்வி இரண்டையும் கையில் கொடுத்தார். பக்தவத்சலத்தையும் சேர்த்துக்கொண்டார். நீங்கள் சொல்லும் அரைநாள் திட்டத்தைக் கைவிடுகிறோம் என்று 1954 மே மாதம் சட்டமன்றத்துக்குச் சொன்ன கல்வி அமைச்சர் யார்? சி.எஸ்.தான். பள்ளிக்கூடம் திறப்பதும் மதிய உணவும் காமராஜரின் மனது, சரி. ஆனால் பணம் ஒதுக்கும் நிதி இலாகாவும் அதைச் செலவு செய்யும் கல்வி இலாகாவும் ஒரே ஆளிடம் இருந்தது. இலாகாவுக்கு இலாகா கோப்பு ஓடி, "நிதித் துறை ஒப்புக்கொள்ளவில்லை" என்று திரும்பி வருகிற பேச்சே இல்லை. கீழே இயக்குநராக நெ.து.சுந்தரவடிவேலு. மூன்று பேரும் சேர்ந்து இழுத்த தேர் அது. ஒருவருக்கு மட்டும் மாலை போடுவது உங்கள் விருப்பம்.

1956இல் தமிழை ஆட்சிமொழியாக்கிய சட்டம் வந்ததும் அந்த மந்திரிசபையில்தான்.

கருப்புச்சட்டை:

நேற்று வரை ஆதரித்த திட்டத்தை இன்று வாபஸ் வாங்குகிறேன் என்று அதே வாயால் அறிவிப்பதற்குப் பெயர் கொள்கையா? நாற்காலி மாறியதும் பேச்சு மாறியது. அவ்வளவுதான். பாராட்ட என்ன இருக்கிறது?

கோப்புப்புழு:

1965 கடிதத்தைப் பற்றி ஒரு விவரம், இரண்டு தரப்புக்கும் பயன்படும்.

சாஸ்திரி அந்த இரண்டு ராஜினாமாவையும் சமாதானப்படுத்தித் திருப்பிக் கொடுக்கவில்லை. ஏற்றுக்கொள்ளலாம் என்ற பரிந்துரையோடு குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணனுக்கு அனுப்பினார். ராதாகிருஷ்ணன் ஏற்கவில்லை. அன்று இரவே சாஸ்திரி வானொலியில் பேசினார்: இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும், நேரு கொடுத்த வாக்கு காப்பாற்றப்படும் என்று. அதன்பிறகுதான் கடிதங்கள் திரும்பின. ஆகவே அது நாடகம் என்று தள்ளிவிட முடியாது, வேலை போயிருக்கலாம். ஆனால் கருப்புச்சட்டை சொல்கிற இரண்டு வாரத் தாமதமும் உண்மை.

கருப்புச்சட்டை:

வாக்குறுதி 1965. சட்டம் எப்போது வந்தது? தி.மு.க. ஆட்சியைப் பிடித்த பிறகு, 1967 கடைசியில். காங்கிரஸ் மந்திரி கொடுத்த கடிதத்தால் வரவில்லை, காங்கிரஸ் தோற்றதால் வந்தது.

மட்டுறுத்துநர்:

தலைப்பு சி.சுப்பிரமணியம். மொழிப்போருக்குத் தனித் திரி இருக்கிறது. ஒருவரை ஒருவர் சாதி சொல்லித் திட்டிய இரண்டு பதிவுகளை எடுத்திருக்கிறேன். தொடருங்கள்.

காவிரிக்கரை:

நான் தஞ்சாவூருக்கே திரும்புகிறேன். கோப்புப்புழு பொங்கல் அன்று அலுவலகம் திறந்த கதையைச் சொன்னார். வயலில் என்ன நடந்தது என்று நான் சொல்கிறேன்.

ஏ.டி.டி. 27 ஆடுதுறையில் உருவாக்கிய நெல். ஜப்பான் வகையோடு நம் வகையைக் கலந்தது. சுமார் நூற்றைந்து நாளில் அறுவடை. குறுவைக்கு இதைப் போட்டால் மகசூல் அதிகம், பின்னால் இரண்டாம் போகமாகத் தாளடியும் போடலாம். கேட்க நன்றாக இருக்கிறதா? குறுவை அறுவடை எப்போது வரும்? ஐப்பசி ஒட்டி. ஐப்பசி என்றால் டெல்டாவில் அடைமழை. கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடக்கும், இரண்டு நாள் விட்டால் முளை கட்டிவிடும். அறுத்த நெல்லைக் காயப்போட இடம் கிடையாது. இன்றைக்கும் அக்டோபரில் திருவாரூர், மன்னார்குடி பக்கம் பஸ்ஸில் வந்து பாருங்கள். தார் ரோட்டில் பாதி நெல்லுக்கு, பாதி வண்டிக்கு. பெண்கள் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இருட்டினால் தார்ப்பாயை இழுத்து மூட ஓடுவார்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கிற மீட்டர் 17 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டை நகராது. ஒவ்வொரு வருடமும் "ஈரப்பதத்தைத் தளர்த்துங்கள்" என்று டெல்லிக்குக் கடிதம் போகும். அறுவடையை மழைக்குள் தள்ளிய திட்டம், உலர்த்தக் களம் கட்ட மறந்துவிட்டது.

அதோடு, மகசூல் ஏறியதும் அந்த மிச்சம் யாருக்குப் போனது? நிலம் வைத்திருந்தவருக்கு. கூலிக்காரர்கள் கூடக் கொஞ்சம் நெல் கேட்டார்கள். 1968 டிசம்பர் 25, கீழவெண்மணி. 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். கேட்டது கூலி உயர்வு. அடுத்த வருடம் உள்துறை அமைச்சகமே விவசாயப் பதற்றங்களைப் பற்றி அறிக்கை தயாரித்தது, புதிய விவசாயத்தின் லாபம் சமமாகப் பிரியவில்லை என்று. நான் கற்பனை பண்ணவில்லை.

கொங்குநாட்டான்:

கீழவெண்மணியை சி.எஸ். தலையில் கட்டுவது அநியாயம். கொளுத்தியவர்கள் மிராசுதார்கள். நிலச் சீர்திருத்தத்தை ஒழுங்காகச் செய்யாதது மாநில அரசு, முதலில் காங்கிரஸ், அப்புறம் தி.மு.க. 1968இல் ஆட்சியில் இருந்தது யார் என்று கருப்புச்சட்டை அண்ணா சொல்லட்டும். சி.எஸ். அப்போது எம்.பி.கூட இல்லை.

காவிரிக்கரை:

கொளுத்தியது அவர் என்று நான் சொல்லவே இல்லை. நல்ல நிலம், நல்ல பாசனம், கடன் வாங்கும் சக்தி இருக்கும் இடத்தில் மட்டும் போட்டால் விளைச்சல் சீக்கிரம் ஏறும் என்பது அவர் தெரிந்தே எடுத்த வழி. தெரிந்தே எடுத்த வழிக்குப் பக்க விளைவும் அவர் கணக்கில்தான் வரும். பாராட்டு மட்டும் அவருக்கு, பாவம் மிராசுதாருக்கு என்றால் எப்படி?

கோப்புப்புழு:

இந்த இடத்தில் காவிரிக்கரை சொல்வதில் பலம் இருக்கிறது. இருக்கிற உரமும் விதையும் தண்ணீரும் போதாது, அதனால் எல்லா ஊருக்கும் தூவாமல் பாசனம் நிச்சயமாக உள்ள மாவட்டங்களில் குவிப்போம் என்பதுதான் திட்டத்தின் அடிப்படையே. தஞ்சாவூர் 1960-61 முதலே அப்படித் தேர்ந்தெடுத்த மாவட்டம். அந்த யோசனை சி.எஸ்.ஸுக்கு முன்னாலேயே வந்தது, அவர் அதைப் பெரிதாக்கினார்.

ஆனால் மாற்று என்ன என்பதையும் அன்றைய நிலைமையில் வைத்துப் பார்க்க வேண்டும். 1964-65இல் நாட்டின் மொத்தத் தானியம் சுமார் 8 கோடியே 90 லட்சம் டன். அடுத்த வருடம் மழை பொய்த்து 7 கோடியே 20 லட்சம். அதற்கு அடுத்த வருடமும் பஞ்சம், பீகார் பட்டினி. 1966இல் வெளியிலிருந்து வந்தது சுமார் ஒரு கோடி டன். வியட்நாம் போரை இந்தியா விமர்சித்தது அமெரிக்க ஜனாதிபதி ஜான்சனுக்குப் பிடிக்கவில்லை. மாதாமாதம் கொஞ்சமாகத்தான் கப்பல் விட்டார், கயிற்றைக் கையில் பிடித்தபடி. 1965 நவம்பரில் ரோமில் சி.எஸ்.ஸும் அமெரிக்க விவசாய மந்திரி ஃப்ரீமனும் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். விவசாயத்துக்கு இவ்வளவு பணம், உரம், நல்ல விலை என்று இந்தியா செய்யும், கப்பலும் வரும் என்பது அதன் சாரம். அமெரிக்கா திணித்ததா, தனக்கு வேண்டியதை அமெரிக்காவின் பெயரைச் சொல்லி மந்திரிசபையில் நிறைவேற்றிக்கொண்டாரா? நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஏனென்றால் அந்தப் பட்டியலில் இருந்ததில் பெரும்பாலானவற்றை அதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே அவர் டெல்லியில் கேட்டுக்கொண்டிருந்தார், கிருஷ்ணமாச்சாரி தடுத்துக்கொண்டிருந்தார்.

கோதுமை மட்டும் சொல்கிறேன். 1964-65இல் 1 கோடியே 23 லட்சம் டன். 1967-68இல் 1 கோடியே 65 லட்சம். 1970-71இல் 2 கோடியே 38 லட்சம்.

பழைய ரேஷன் கார்டு:

அந்தப் புல்வெளிக் கதையை யாரும் சொல்லவில்லையே. டெல்லியில் மந்திரி பங்களா முன்னால் புல்தரை இருக்கும், பார்ட்டி வைக்க. அதை உழுது புது ரகக் கோதுமை விதைத்தார். பத்திரிகையில் வந்தது. எங்கள் வீட்டில் அப்பா வாசித்துவிட்டு, "இந்த ஆளுக்கு அரிசி விதைக்கத் தெரியாதா?" என்றார். சென்னைக்காரன் வயிறு அப்படித்தான் யோசிக்கும்.

கருப்புச்சட்டை:

அம்மா, உங்கள் அப்பா ஒரே வரியில் 1967 தேர்தலைச் சொல்லிவிட்டார்!

நாட்டுக்கே உணவு மந்திரி. சொந்த மாநிலத்தில் அரிசி கிடையாது. அண்ணா, "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்றார். மக்கள் எந்தப் பக்கம் போவார்கள்? கோபிச்செட்டிப்பாளையத்தில் சி.எஸ். தோற்றார். விருதுநகரில் காமராஜரே தோற்றார். உணவு மந்திரி அரிசியால் தோற்பதைவிட வேறு என்ன தீர்ப்பு வேண்டும்?

கொங்குநாட்டான்:

அந்தத் தோல்விதான் எனக்கு அவர்மேல் மரியாதையைக் கூட்டுகிறது. விலையை ஏற்று என்று சொன்னது விவசாயிக்காக. அதனால் நகரத்தில் கோபம். விதை போட்டது 1966இல், பலன் தெரிந்தது 1968 அறுவடையில். அந்த அறுவடையில் வடக்கே மூட்டை வைக்க இடமில்லாமல் பள்ளிக்கூடத்தில் அடுக்கினார்கள். "கோதுமைப் புரட்சி" என்று இந்திரா தபால்தலை வெளியிட்டார். அப்போது விவசாய மந்திரி ஜகஜீவன் ராம். சி.எஸ். வீட்டில்.

ஐந்து வருடத் தேர்தல் கணக்குப் போட்டிருந்தால் இந்த வேலையில் கை வைத்திருக்கவே மாட்டார். ரூபாய்க்கு ஒரு படி திட்டமும் சென்னை, கோவை இரண்டு ஊரைத் தாண்டி எவ்வளவு தூரம் போனது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் அண்ணா.

கருப்புச்சட்டை:

போட்டோம், முடிந்தவரை கொடுத்தோம். நீங்கள் அதுவும் கொடுக்கவில்லை.

சரி, 1967ஐ விடுங்கள். அப்புறம் என்ன செய்தார் உங்கள் கொள்கை வீரர்? 1969இல் காங்கிரஸ் உடைந்தது. பதினைந்து வருடம் கூட இருந்த காமராஜரை விட்டு இந்திரா பக்கம் போனார். தமிழ்நாட்டு இந்திரா காங்கிரசுக்கு இவர்தான் முகம். 1971 தேர்தலில் எங்களோடு கூட்டணி. சட்டமன்றத்தில் ஒரு சீட்டுகூட வேண்டாம், டெல்லிக்கு மட்டும் கொஞ்சம் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டார்கள். எங்களுக்கு லாபம்தான், வேண்டாம் என்று சொல்வோமா? ஆனால் 234 தொகுதியில் ஒன்றில்கூட நிற்காத ஒரு தேசியக் கட்சியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தமிழ்நாட்டுக் காங்கிரஸ் எப்போது செத்தது என்று கேட்பவர்கள் 1967 என்பார்கள். நான் 1971 என்பேன். கிருஷ்ணகிரியில் எங்கள் ஓட்டில் ஜெயித்து மறுபடியும் மந்திரி ஆனார்.

அங்கே 1975இல் அவசரநிலை. நிதி அமைச்சர் யார்? 1976 ஜனவரி 31இல் கலைஞர் ஆட்சியைக் கலைத்தபோது நிதி அமைச்சர் யார்? மிசா என்ற தடுப்புக் காவல் சட்டத்தில் பிடித்து, சென்னை மத்திய சிறையில் எங்கள் ஆட்களை அடித்தார்கள். முன்னாள் மேயர் சிட்டிபாபு அந்த அடியில்தான் போனார். 1965இல் கடிதம் எழுதிய பேனா அப்போது எங்கே போனது?

கொங்குநாட்டான்:

அவசரநிலையில் வாய்மூடி இருந்தது தப்பு. அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் நிதித் துறையில் செய்ததைப் பார்க்காமல் போக முடியாது. 1974இல் விலைவாசி ஏற்றம் வருடத்துக்கு 20 சதவீதத்துக்கு மேல். 1975-76இல் அது பூஜ்யத்துக்குக் கீழே போனது. 1976 பட்ஜெட்டில் வருமான வரியின் உச்ச விகிதத்தை 77இலிருந்து 66 சதவீதமாகக் குறைத்தார். இந்திராவின் சோஷலிசம் உச்சத்தில் இருந்தபோது இதைச் செய்ய ஒரு தைரியம் வேண்டும். கிராமிய வங்கிகள் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியதும் அவர் காலத்தில். எங்கள் ஊர்ப் பக்கம் எத்தனையோ பேருக்கு முதல் கடன் தங்கத்தை அடகு வைக்காமல் கிடைத்தது அந்த வங்கிகளில்தான்.

காவிரிக்கரை:

1975 அக்டோபர் 2, காமராஜர் இறந்த நாள். சும்மா ஞாபகம் வந்தது.

விலைவாசி இறங்கியதற்கு 1975இல் நல்ல மழை பெய்தது ஒரு காரணம். வேலைநிறுத்தம் செய்தால் சிறை என்பது இன்னொன்று. சம்பளத்தை உறையவைத்துவிட்டு விலையை இறக்கினேன் என்று சொல்வதில் என்ன திறமை?

கோப்புப்புழு:

மழை உண்மை. ஆனால் பணப்புழக்கத்தை இறுக்கியது 1974 நடுவிலேயே, அவசரநிலைக்கு முன்பே, சவான் நிதி அமைச்சராக இருந்தபோது தொடங்கியது. சி.எஸ். வந்து அதைத் தளர்த்தாமல் பிடித்தார். அந்தப் பெருமை பங்குபோட வேண்டிய ஒன்று.

பட்டியலை முடித்துவிடுகிறேன். 1977இல் நாடு முழுக்க இந்திரா அலை கவிழ்ந்தபோது இவர் பழனியில் ஜெயித்தார். தமிழ்நாட்டில் அ.தி.மு.க. கூட்டணி தயவில். அப்புறம் இந்திராவை விட்டு விலகி, 1979இல் சரண் சிங் மந்திரிசபையில் பாதுகாப்பு அமைச்சர். மொத்தமே ஐந்தாறு மாத ஆட்சி. 1990இல் மகாராஷ்டிர ஆளுநர். 1993 ஜனவரியில், பிரதமர் நரசிம்ம ராவின் செயல்பாட்டைக் குறைசொல்லிப் பேசியது பத்திரிகையில் வெளியாக, ஆளுநர் பதவியை விட்டு விலகினார். பம்பாய் அப்போது கலவரத்தில் எரிந்துகொண்டிருந்தது. 1998இல் பாரத ரத்னா, எம்.எஸ்.சுப்புலட்சுமிக்கும் அதே வருடம். 2000 நவம்பரில் மறைந்தார்.

கொங்குநாட்டான்:

பார்த்தீர்களா கருப்புச்சட்டை அண்ணா? 1965இல் சாஸ்திரிக்கு எதிராக, 1993இல் நரசிம்ம ராவுக்கு எதிராக. இரண்டு காங்கிரஸ் பிரதமர்கள். பதவியைப் பிடித்துத் தொங்கிய ஆள் என்ற கதைக்கு இது பொருந்தவில்லையே.

கருப்புச்சட்டை:

82 வயதில் ஆளுநர் மாளிகையை விட்டு வருவதில் என்ன நஷ்டம் தம்பி? 65 வயதில், நிதி அமைச்சராக இருந்தபோது, எதிர்க்கட்சித் தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயணைச் சிறையில் போட்ட அன்று வெளியே வந்திருந்தால் நானே உங்களோடு சேர்ந்து சிலைக்குச் சந்தா போட்டிருப்பேன்.

பழைய ரேஷன் கார்டு:

நான் சந்தா போடுகிறேன். எனக்கு மைலோ ஞாபகம் இருக்கிறது.

காவிரிக்கரை:

அம்மா, நீங்கள் போடுங்கள், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கோப்புப்புழு, ஒரு கேள்வி: அந்த 1965 விலைக் கமிஷன் முதல் அறிக்கையில் நெல்லுக்கும் கோதுமைக்கும் விலை எந்த அடிப்படையில் வைத்தார்கள்? உற்பத்திச் செலவில் குடும்பத்து ஆட்களின் உழைப்பைச் சேர்த்தார்களா? எங்கள் சண்டை இன்றைக்கும் அந்த இடத்தில்தான் நிற்கிறது.

கோப்புப்புழு:

அது பெரிய விஷயம். தனித் திரி ஆரம்பியுங்கள், அங்கே வருகிறேன்.